தணிகைக்கு நேர்ந்த தாடி

போகிப் பண்டிகையன்று கொரட்டூரில் புகை எவ்வளவு அடர்த்தி என்றால், பால் போடுகிறவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமலே எங்கள் தெருவில் விட்டுவிட்டு மாடிக்குப் போனார். சைக்கிள் புகையின்மேல் சாய்ந்துகொண்டு அப்படியே நின்றது. திரும்பி வந்து ஏறிக்கொண்டு போனார். என் கண்ணால் பார்த்தேன். நம்புகிறவர்கள் நம்பலாம். என் தங்கை சரசாவின் புருஷன் பூபாலன் நம்ப மாட்டான். நான் வாயைத் திறந்தால் “பொய்” என்று சொல்வதற்காகவே கடவுள் எங்கள் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாக அனுப்பிவைத்த ஆள் அவன்.

அன்றைக்கு மூச்சு நின்றுபோகப் பார்த்தது அவனுக்குத்தான்.

பூபாலனுக்கு நுரையீரல் சரியில்லை. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் வயசுக்காலம் முழுவதும் இரும்புத் தூளை மூச்சாக இழுத்தவன். இடைவேளையில் பீடி. மாடி ஏறினால் மூச்சு வாங்கும், சட்டை மாட்டினால் மூச்சு வாங்கும். வாக்குவாதம் செய்ய மட்டும் எங்கிருந்தோ மூச்சு வந்துவிடும். அன்று காலையில் அம்பத்தூரில் அவன் வீட்டுக்கு எதிரே யாரோ பழைய டயரைக் கொளுத்தியிருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டிய மனுஷன், கீழே இறங்கிப் போய், அந்தப் புகைக்கு நட்டநடுவில் நின்று, டயர் கொளுத்தக் கூடாது என்று சட்டம் பேசியிருக்கிறான். பேசிப் பேசி ஜெயித்தும்விட்டான். அவர்கள் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். ஜெயித்தவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி ஆகிவிட்டது.

சரசா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு எனக்கும் சொன்னாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லாக் கட்டிலிலும் ஆள் இருந்தது. பாதிப் பேர் புகை கேஸ். வேலப்பன்சாவடி பக்கத்துக் காலேஜ் பையன் ஒருவன் பைக்கிலிருந்து விழுந்து, காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செல்போனில் யாருக்கோ “ஒண்ணும் இல்லடா, சும்மா ஒரு கீறல்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். திரைச்சீலைக்குத் திரைச்சீலை ஒரு மெஷின் கூவிக்கொண்டிருந்தது. ஒன்று நின்றால் இன்னொன்று ஆரம்பித்தது.

அங்கே டாக்டர் நிவேதிதா என்று ஒரு பெண். முந்தின நாள் டியூட்டிக்கு வந்தவர். மாற்றுவதற்கு வர வேண்டிய டாக்டருக்குக் காய்ச்சல் என்று இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்தவர்களை நான் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் எனக்கு மேலே இருந்த ஃபோர்மேன். இன்னொருவர் இந்த டாக்டரம்மா. ஃபோர்மேன் தூங்கினால் வேலை நின்றுவிடும். இந்தப் பெண் தூங்குகிற முகத்தோடு ஒரு கட்டிலில் ஊசி போட்டு, அடுத்த கட்டிலில் நெஞ்சைக் கேட்டு, மூன்றாவது கட்டிலுக்குச் சொல்ல வேண்டியதை நடந்துகொண்டே சொன்னார். செருப்புக்கு மேலே பாதம் வீங்கியிருந்தது.

“இவருக்கு நீங்க யாரு?”

“மச்சான். கோவிந்தராஜ்.”

“சார், கொஞ்சம் கவனிங்க. இவருக்குக் காத்து உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குது. கெட்ட காத்து ரத்தத்துல தேங்கிடுச்சு. மூச்சு இழுத்து இழுத்து நெஞ்சுத் தசையும் ஓய்ஞ்சுடுச்சு. அதுக்குத்தான் இந்த மெஷின்.”

பூபாலன் முகத்தில் மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க் இருந்தது. ரப்பர் விளிம்பு வைத்த கெட்டி மாஸ்க். பின்மண்டைக்கு வார் போட்டுக் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு குழாய் மெஷினுக்குப் போனது. மெஷின் ஊதுகிற காற்றுதான் அவனுக்கு மூச்சு.

“மாஸ்க் முகத்தோட ஒட்டி இருக்கணும். கழட்டக் கூடாது. பேசக் கூடாது. அசந்து தூங்கவும் விடாதீங்க. கூப்பிட்டா முழிக்கலைன்னா அந்த நிமிஷமே என்னைக் கூப்பிடணும்.”

“முழிக்கலைன்னா?”

“தொண்டைக்குள்ள டியூப் போட்டு வென்டிலேட்டர். இவரோட நுரையீரலுக்கு டியூப்பைப் போடறது சுலபம், திரும்ப எடுக்கறதுதான் கஷ்டம். அதோட இப்ப இங்க வென்டிலேட்டர் காலியா இல்ல. டியூப்போட வேற எடத்துக்கு வண்டியில அனுப்பணும். வழியில என்ன வேணா ஆகலாம். அதான் இந்த மாஸ்க்லயே தேத்திடலாம்னு பாக்கறேன்.”

சொல்லி முடிப்பதற்குள் வேறு கட்டிலில் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

சரசா கட்டில் கால்மாட்டில் நின்று புருஷனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“அண்ணே, இவரத் தூங்க உடாம எதுனா பேசிக்கினே இரு. உனக்குத்தான் வாய் ஓயாதே.”

எனக்கு இப்படி ஒரு உத்தியோகம் கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

“மாப்ளே, நம்ம கொரட்டூர் ஏரியில ஒரு விரால் கீது. திருவள்ளூர் வண்டி வர்ற நேரம் பாத்துத்தான் கரைக்கு வரும். வண்டி லேட்டானா அதுவும் லேட்டு. போன வாரம் வண்டிய ரத்துப் பண்ணிட்டாங்க. விரால் நாள் பூரா வரவே இல்ல.”

பூபாலன் கண்ணைத் திறந்தான். கை மேலே போனது. மாஸ்க்கை மூக்கிலிருந்து நெம்பித் தூக்கினான்.

“பொய்யி... மச்சான்... ஏரித்... தண்ணியில... இப்ப... விராலே...”

மெஷின் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் ஜெபா ஓடி வந்து மாஸ்க்கை அமுக்கினாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். கோபம் வந்தால்தான் ஊர்ப் பேச்சு எட்டிப்பார்க்கும்.

“என்ன தாத்தா செய்யுதீக? அவரு மூச்சுக்கே வழியில்லாம கெடக்காரு, நீங்க விரால் மீனைக் கொண்டாந்து விடுதீகளே!”

“தூங்க உடாதேன்னாங்கம்மா.”

“அதுக்குன்னு மாஸ்க்கைக் கழட்ட வைக்கவா சொன்னாக?”

சரி, உண்மையே பேசுவோம் என்று ஆரம்பித்தேன். தொழிற்சாலைக் கேன்டீனில் என்றைக்கு என்ன டிபன், குவார்ட்டர்ஸில் எந்தக் குழாயில் தண்ணீர் முதலில் வரும், ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற பஸ் எங்கெங்கே நிற்கும். கரையான்சாவடி வருவதற்குள் பூபாலன் தலை சாய்ந்துவிட்டது. தோளைப் பிடித்து உலுக்கினோம். உண்மை அவ்வளவு கடுமையான தூக்க மருந்து என்று எனக்கு அதுவரை தெரியாது.

பொய் சொன்னால் மாஸ்க்கைக் கழற்றுகிறான், உண்மை சொன்னால் மயங்குகிறான். அங்கே தொங்கின குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கும்படி ஜெபா அதன் சக்கரத்தைத் திருகி வைத்திருந்தாள். பொய்யையும் அப்படித்தான் இறக்க வேண்டும் என்று தோன்றியது.

ஜெபாவே ஒரு வழி செய்தாள். “மாமா, தாத்தா பொய் சொன்னா வெரலை மட்டும் தூக்குங்க. வாயைத் தொறக்கப்பிடாது. நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்.”

அதிலிருந்து கொஞ்ச நேரம் ஓடியது. தொழிற்சாலையில் ஒரு டாங்கி, டிரைவர் இல்லாமல் தானே கிளம்பி வந்து கேன்டீன் வரிசையில் நின்றது என்றேன். விரல் தூக்கினான். தள்ளிப் போகச் சொன்னதற்கு அது போகவில்லை, இட்லி தீர்ந்துவிட்டது என்ற பிறகுதான் போயிற்று என்றேன். இரண்டு விரல் தூக்கினான். சரசா முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் மெஷின் மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை அவன் மாஸ்க்கைத் தொடவே இல்லை.

டாக்டர் நிவேதிதா வந்தார். வாரை இறுக்கினார். கத்தல் நின்றது. திரும்பி நாலு அடி வைப்பதற்குள் ஆரம்பித்தது. வாஸ்லைன் கொண்டுவரச் சொல்லித் தடவினார். ஈரத் துணியை மடித்து ஓரத்தில் வைத்தார். காற்று புஸ்ஸென்று கன்னத்து வழியாக வெளியே வந்து, பூபாலனின் தாடி தென்னங்கீற்று மாதிரி ஆடியது.

தாடியைச் சொல்லவில்லையே. நெஞ்சுவரை தொங்குகிற தாடி. இரும்புக் கம்பி மாதிரி முடி. வார்ப்படப் பட்டறையில் தின்ற இரும்பெல்லாம் அங்கேதான் முளைத்தது என்பது என் கட்சி.

“தாடி மேல மாஸ்க் உக்கார மாட்டேங்குது. லீக் ஆகுது. மெஷின் குடுக்கற காத்துல பாதி வெளியதான் போகுது. தாடியை எடுத்துடலாம்” என்றார் டாக்டர்.

சரசா பாதத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பூபாலன் இரண்டு கையாலும் தாடியைப் பொத்திக்கொண்டான். மாஸ்க் நகர்ந்தது.

“வோணாம்... தணிகையிலதான்... கத்தி படணும்... இங்க பட்டா... கொயந்தைக்கு...”

அதற்கு மேல் மூச்சு வரவில்லை. மீதியைச் சரசா சொன்னாள்.

அவர்களுக்கு ஒரே பெண், தீபிகா. ஓசூரில் இருக்கிறாள். இரண்டு தடவை வயிற்றில் குழந்தை தங்கவில்லை. இரண்டாவது தடவை பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த கையோடு பூபாலன் திருத்தணிக்குப் போனான். அடுத்தது தங்கி, நல்லபடியாகப் பிறந்தால், மலைக்கு வந்து முடியும் தாடியும் இறக்குகிறேன், அதுவரை முகத்தில் கத்தி படாது என்று வேண்டிக்கொண்டான். இப்போது தீபிகாவுக்கு நிறைமாதம். இன்றோ நாளையோ என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பன் இங்கே கிடப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

“நீங்க சொல்லுங்கம்மா” என்றார் டாக்டர் சரசாவிடம். “சாமிக்கு அப்புறம் போய்ச் சொல்லிக்கலாம்.”

சரசா புருஷனைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். “ரெண்டு தபா கைய உட்டுட்டோம்மா. நான் எந்த வாயால எடுன்னு சொல்றது? நாளைக்கு அங்க எதுனா ஆச்சுன்னா இவரும் என்னைப் பாக்க மாட்டாரு, நானும் என்னைப் பாக்க முடியாது.”

டாக்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். நின்றவாறே தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“நினைவோட வேண்டாம்னு சொல்றவர் முகத்துல நான் கத்தி வைக்க முடியாது சார். நினைவு போச்சுன்னா யாரையும் கேக்க மாட்டேன். ஆனா அப்ப தாடியை எடுத்தும் பிரயோஜனம் இல்ல, டியூப்தான்.” கண்ணைத் திறந்தார். “நீங்க பேசிப் பாருங்க. ரொம்ப நேரம் கிடையாது.”

மணிக்கட்டில் ஊசி குத்தி மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். கெட்ட காற்று முன்னால் இருந்ததைவிடக் கூடியிருந்தது.

நான் பேசிப் பார்த்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு நான்தான் சரியான ஆள் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

“மாப்ளே, போன ஆடிக் கிருத்திகைக்கு நான் மலைக்குப் போனப்ப, மொட்டை போடற எடத்துல ஒருத்தர் சொன்னாரு. முருகன் அவரு கனவுல வந்து, ஆஸ்பத்திரியில எடுக்கற முடியெல்லாம் நம்ம கணக்குதான்னு...”

விரல்.

“சரி, அது உடு. வள்ளிக்கே தாடின்னா ஆகாது. அதனாலதான் முருகன் படத்துல...”

விரல். கூடவே ஒரு முறைப்பு.

சரசா குனிந்து சொன்னாள்: “ஏங்க, பொம்பளைங்க பூமுடி குடுக்கல? மொத்த முடியும் வோணாம், மூணு கொத்து கத்தரிச்சுக் குடுத்தாப் போதும்னு சாமி ஏத்துக்கல? அதாட்டம் நெனச்சுக்கோங்களேன்.”

மாஸ்க்கைத் தூக்கியே விட்டான். “நா... பொம்பளையா?”

ஜெபா அமுக்கினாள்.

கடைசியாக என்னிடம் ஒன்று இருந்தது. அதுவரை அதை எடுக்காமல் வைத்திருந்தேன். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, திரைச்சீலைக்கு வெளியே போய், திரும்பி வந்தேன். “மாப்ளே, ஓசூர்லேர்ந்து போன். நம்ம தீபிகாவுக்கு...”

விரல் தூக்கவில்லை. என்னையே பார்த்தான். பொய்யென்று அவனுக்குத் தெரியும். அது உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்றும் அந்தக் கண்ணில் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனுஷன் முகத்தில் இருந்ததை நான் பார்த்ததில்லை. என் வாயில் பாதி வந்த பொய்யை நான் திரும்ப விழுங்கினது அது ஒன்றுதான்.

“நம்ம தீபிகாவுக்கு இன்னும் வலி எடுக்கல” என்றேன். போனைப் பையில் போட்டேன்.

யாரோ கொண்டுவந்து கொடுத்த டீ கையிலேயே ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. பூபாலன் இமை இறங்கிக்கொண்டே வந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஏறும், உடனே இறங்கும். ஜெபா டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் நிவேதிதா இந்தத் தடவை வாரைத் தொடவில்லை. தலைமாட்டில் போய் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். கத்தல் நின்றது. பூபாலன் நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்தான். டாக்டர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் பழையபடி ஆகிவிடும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ “டாக்டர், டாக்டர்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “வரேன்” என்று சொன்னாரே தவிர நகரவில்லை.

நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் மூக்குப் பக்கம், மற்ற விரலெல்லாம் தாடைக்குக் கீழே. நடுவில் ரப்பர் விளிம்பு, ஒரு வட்டம்.

“டாக்டரம்மா, உங்களுக்கு முழுத் தாடியும் வோணுமா?”

“எனக்கு எதுக்கு சார் தாடி?”

“இல்லம்மா. மாஸ்க் உக்கார எவ்ளோ எடம் வோணும்?”

அவர் குனிந்து பார்த்தார். “இந்த ரப்பர் படற எடம் மட்டும் மழமழன்னு இருந்தாப் போதும். மூக்கு ஓரம், கன்னத்துல இந்தக் கோடு, உதட்டுக்குக் கீழ. வெளிய தொங்கறது எனக்கு வேண்டாம்.”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அம்பத்தூரில் பூபாலன் வீடு மெயின்ரோட்டை ஒட்டினாற்போல இருக்கிறது. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று அளக்க வந்தவர்கள் முன்னறைச் சுவரில் சிவப்புக் கோடு போட்டார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் அழுதார்கள், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போனார்கள். இவன் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர்கள் சாப்பிடப் போனபோதுகூட நாடா இவன் கையில்தான் இருந்தது. விரற்கடை விரற்கடையாகப் பேரம் பேசி, கடைசியில் படிக்கட்டை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டைத் தப்ப வைத்தான். இன்றைக்கும் அந்த வீட்டுக்குள் போக வேண்டுமானால் முக்காலி போட்டு ஏற வேண்டும். இதற்கு அவனே விரல் தூக்க மாட்டான்.

நான் அவன் காதுக்குப் பக்கத்தில் போனேன்.

“மாப்ளே. ஊட்டை இடிக்க யாரும் வரல. ரோடு போடத்தான் எடம் கேக்கறாங்க. ஊடு உன்னுது, தணிகைக்காரனுது. முன்னாடி கொஞ்சம் விட்டுக் குடு. எவ்ளோன்னு நீயே அளந்துக்கோ.”

கண் முழுதாகத் திறந்தது. டாக்டரைப் பார்த்தான். பேரத்துக்கு ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பார்வை. கையைத் தூக்கி ஒரு விரலைக் குறுக்காகக் காட்டினான். ஒரு விரற்கடை.

“பத்தாது” என்றார் டாக்டர். “ரெண்டு.”

தலையாட்டினான், இல்லையென்று. ஒரு விரலையும் அதற்கு மேலே பாதி விரலையும் காட்டினான்.

“மாமா, டாக்டரம்மா கை கடுக்கப் பிடிச்சிட்டு நிக்காங்க. சீக்கிரம் முடிங்க” என்றாள் ஜெபா.

“கன்னத்துல ஒண்ணரை, உதட்டுக்குக் கீழ ரெண்டு. அதுக்கு மேல என்னால எறங்க முடியாது” என்றார் டாக்டர். அந்தக் குரலில் சண்டை இல்லை, அலுப்புதான் இருந்தது. அலுப்பைப் பார்த்தால் இதுதான் கடைசி விலை என்று பூபாலனுக்குத் தெரியும். கையை இறக்கினான்.

ஜெபா, ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பில் அடையாளம் போடுகிற ஊதாப் பேனாவை எடுத்துவந்து, மாஸ்க் விளிம்பைச் சுற்றித் தாடியை விலக்கி விலக்கிக் கோடு போட்டாள். பூபாலன் என் செல்போனைக் கேட்டு வாங்கி, அதில் முகத்தைப் பார்த்தான். இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். கோடு ஒரு நெல் அளவு வெளியே போயிருந்தது. அழித்துவிட்டு உள்ளே தள்ளிப் போட்டாள்.

சவரம் செய்ய வந்தவர் பேர் சின்னப்பையன். பேருக்குத்தான் பையன், பென்ஷன் வாங்கப் போகிற வயது. ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு முடி எடுப்பவர். ஊதாக் கோட்டைச் சுற்றிவந்து பார்த்தார்.

“இன்னா நைனா இது, கோலம் போட்டு வெச்சிக்கிறீங்க?”

“கோட்டுக்கு வெளிய ஒரு முடி போச்சுன்னாலும் மாப்பிள்ளை எழுந்துடுவான்” என்றேன்.

“எழுந்தா நல்லதுதானே” என்றார். டாக்டர் மாஸ்க்கை எடுத்து வேறொரு ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்தார். “சீக்கிரம்” என்றார். சின்னப்பையன் சோப்பு தடவினார்.

பூபாலன் கண்ணை மூடி உதட்டை அசைத்தான். முருகனிடம் சொல்கிறான் போலும். என்ன சொன்னான் என்று தெரியாது. கணக்குச் சொல்லியிருப்பான். இவ்வளவு இங்கே, மீதி அங்கே.

சரசா புடவைத் தலைப்பை ஏந்திக்கொண்டு நின்றாள். விழுந்த முடியில் ஒன்றைக்கூடக் கீழே விடவில்லை. ஜெபா, சளி பரிசோதனைக்குக் கொடுக்கிற சின்ன டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். “புதுசுதான் அத்தை. சுத்தமானது.” சரசா முடியைச் சுருட்டி அதற்குள் வைத்து மூடினாள். மலைக்குப் போகும்போது மீதியோடு சேர்த்துப் போட்டுவிடலாம்.

மாஸ்க்கை வைத்து வாரைக் கட்டினார்கள். டாக்டர் கையை எடுத்தார். நாங்கள் எல்லோரும் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே ஊதியது, நிறுத்தியது, ஊதியது. டாக்டர் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தார். ரப்பர் விளிம்பின் தடம் பதிந்திருந்தது. அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்த கட்டிலுக்குப் போனார்.

பிறகு காத்திருப்பதுதான் வேலை. அதைப் போல உடம்பை அயர வைப்பது ஒன்றும் இல்லை. நான் டாங்கியை விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். அதற்கு ஃபோர்மேன் மெமோ கொடுத்தது, அது பதில் எழுதிக் கொடுத்தது, பதிலில் இரண்டு எழுத்துப் பிழை. பூபாலன் சோர்ந்துபோய் விரலை அசைத்தான். அசைத்தான் என்பதே எனக்குப் போதும். நடுவில் எதிர்க் கட்டில் காலியாயிற்று. அதில் இருந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. அவர் ஆட்கள் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் நான் பேச்சை நிறுத்திவைத்தேன். ஜெபா விரிப்பை மாற்றினாள்.

மறுபடியும் மணிக்கட்டில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் நிவேதிதா சீட்டைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தது போதாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

“எறங்குது” என்றார்.

“நல்லா ஆயிடுச்சா?” என்றாள் சரசா.

“அப்படிச் சொல்ல மாட்டேன்மா. எறங்குது. இப்படியே போனா டியூப் வேண்டாம். சாயங்காலம் மேல ஐசியுவுல ஒரு பெட் காலியாகும். மாஸ்க்கோட அங்க போகலாம்.” பூபாலனைப் பார்த்தார். “தொண்டை காஞ்சிருக்கும். ரெண்டு வாய் தண்ணி குடுங்க. சட்டுனு திரும்ப மாட்டிடணும்.”

ஜெபா மாஸ்க்கைக் கழற்றினாள். மூக்கையும் வாயையும் சுற்றி மழமழவென்று ஒரு வெள்ளை வளையம். வளையத்துக்குள்ளே மீசை ஒரு தீவு. வெளியே காதிலிருந்து நெஞ்சுவரை தாடி. ஏரிக்கு நடுவில் நிற்கிற கோயில் மாதிரி இருந்தது. நாகரிகம் கருதி ஒருவரும் சிரிக்கவில்லை. சரசா ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. தீபிகா. முகம் பார்த்துப் பேசுகிற வீடியோ கால்.

“எடுக்காத” என்றான் பூபாலன். குரல் கரகரத்தது. “இந்த மூஞ்சியப் பாத்தா... சிரிச்சே... வலி எடுத்துக்கும்.”

சரசா கட் செய்துவிட்டு, குரல் மட்டும் கேட்கிற மாதிரி திரும்பப் போட்டு, அவன் காதருகே பிடித்தாள்.

“அப்பா! கட் ஆயிடுச்சு. போகி கொளுத்தியாச்சா? உள்ளதானே கீற? புகையில போகலியே?”

பூபாலன் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். சேர்த்ததை எதில் செலவழிக்கலாம் என்று யோசித்தவன் போலக் கொஞ்சம் இருந்தான்.

“உதைக்குதாமா?”

“உதைச்சிக்கினே கீதுப்பா. காலைலேர்ந்து தூங்க உட்ல. ஏம்பா குரல் ஒரு மாதிரி கீது?”

அதற்கு அவனிடம் மூச்சு இல்லை. சரசா போனைத் தன் காதுக்கு எடுத்துக்கொண்டு “தொண்டை கட்டிக்கிச்சும்மா, பொகைதானே” என்று சொல்லிக்கொண்டே திரைச்சீலைக்கு வெளியே போனாள். அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

ஜெபா வாரை எடுப்பதற்குள் பூபாலன் தானே மாஸ்க்கை எடுத்து, வளையத்தின் மேல் சரியாக வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் வாரைக் கட்டி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

கதவு திறந்து இன்னொரு ஸ்ட்ரெச்சர் வந்தது. டாக்டர் நிவேதிதா அதை நோக்கிப் போனார்.